பத்தொன்பதாம் வரிசை

இலையின் ஒரு பாதி மட்டும் வாடியிருந்தது.
மறுபாதி ஒன்றும் அறியாததுபோல் பச்சை.
பக்கவாதம் வந்த முகத்தைப் பார்த்தவள்போல்
கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன்.

தெம்ரெயில் ஜனவரி.
பிளாஸ்டிக் கூரைமேல் மழை.
உள்ளே நாலாயிரம் தக்காளிச் செடிகள்
கயிற்றைப் பற்றிக்கொண்டு
மேல்கம்பிவரை ஏறியிருந்தன.
காய்களில் புள்ளி:
நடுவே பழுப்பு, சுற்றிலும் வெள்ளை வளையம்,
குருவிக் கண்.
கூடைகூடையாய் எங்களைப் பார்த்தன.

பெர்ரின் அந்தாலியாவிலிருந்து வந்தாள்,
காலணிக்குமேல் நீல உறை மாட்டி.
ஒரு தண்டை நீளவாக்கில் பிளந்தாள்.
உள்ளே ஒரு கோடு,
மேசைவிரிப்பில் தங்கிவிட்ட தேநீர்க் கறையின் நிறத்தில்.
அழுத்தினாள். மஞ்சளாக ஏதோ கசிந்தது.
"பாக்டீரியா."
"என்ன மருந்து?" என்றார் வேதாத்.
"சாக்கு," என்றாள்.
"பிடுங்கி, சாக்கில் கட்டி, எரிக்க வேண்டும்."

தாளில் வரிசைகளை வரைந்து
நோய்கண்ட ஒவ்வொரு செடிக்கும் சிவப்புப் புள்ளி வைத்தாள்.
ஏழில் தொடங்கி எட்டு, ஒன்பது என நடந்து
பன்னிரண்டின் பாதியில் நின்றது.
அப்புறம் ஆறு வரிசை சுத்தம்.
அப்புறம் பத்தொன்பதில், கதவோரம்,
மூன்றே மூன்று செடி.
"இங்கே எப்படித் தாவியது?"
காற்று என்றார் ஒருவர்.
சொட்டுக்குழாய் என்றார் இன்னொருவர்.
அவள் கேள்விக்குறி போட்டாள்.

எனக்கு அந்தப் படம் வாசிக்கத் தெரிந்தது.
அது நவம்பரில் என்னுடைய ஒரு பிற்பகல்.

ஏழாம் வரிசையில் கிருமிநாசினிக் கிண்ணம் காலி.
நிரப்புவதற்குக் கோடிவரை நடக்க வேண்டும்.
ஐந்தரைக்கு மினிபஸ்.
செடிக்கு ஒரு முக்கு என்பது விதி.
நான் கத்தியைச் சல்வாரில் துடைத்துக்கொண்டேன்.
பக்கத்தளிர், பக்கத்தளிர், பக்கத்தளிர்.
வெட்டிய இடமெல்லாம் வாசல்.
ஒரு செடியின் ஈரத்தை அடுத்த செடிக்குள்
விருந்தாளியைப்போல் நானே அழைத்துப் போயிருக்கிறேன்.
பன்னிரண்டின் பாதியில் கைபேசி அடித்தது.
சிக்னல் கிடைப்பது பத்தொன்பதின் கதவோரம் மட்டும்.
ஓடினேன்.
வங்கி.
"ஸெலிஹா ஹானம், உங்களுக்கென்றே ஒரு கடன் அட்டை..."
வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.
வாய் சொல்லிக்கொண்டிருக்க,
சும்மா இருக்கத் தெரியாத கை
தளிர் கிள்ளிக்கொண்டிருந்தது.
மூன்று வேண்டாம். மூன்று செடி.
அதற்குள் மினிபஸ் ஹார்ன் அடித்தது.

பத்தொன்பது, நஸ்மியேயின் வரிசை.
எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.
அவள் கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்,
மறுபடி கழற்றினாள்.

சொன்னேன்.
கிண்ணம், சல்வார், வங்கி, எல்லாம்.
வேதாத் என்னைப் பார்த்தார், பிறகு கூரையை.
"நாற்றுக் கம்பெனிமேல் புகார் போயாகிவிட்டது.
நோய் விதையிலேயே வந்தது.
நீ ஒன்றும் சொல்லவில்லை,
நான் ஒன்றும் கேட்கவில்லை."

முழுப் பொய்யும் இல்லை.
முதல் செடிக்கு விதையில்தான் வந்திருக்கும்.
முதல் செடிக்கு.

பெர்ரின் பேசவில்லை.
கேள்விக்குறியை அடித்துவிட்டு
அந்த இடத்தில் சின்னதாய் ஒரு கத்தி வரைந்தாள்.

மூன்று நாள் பிடுங்கினோம்.
பழுக்காத காய்கள் சாக்குக்குள்
ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.
நஸ்மியே என் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள்,
ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.
மாலையில் கை கழுவினால்
தக்காளிக் கறை மஞ்சளாய் ஓடும்;
எத்தனை முறை சோப்புப் போட்டாலும் மஞ்சள்.

கடைசி நாள் கைபேசி அடித்தது.
அதே எண்.
வெளியே போனேன், மழையில் நின்றேன்,
சும்மா இருக்கத் தெரியாத கையைப்
பைக்குள் ஆழமாய்த் திணித்துக்கொண்டு
வேண்டாம் என்றேன்.